டிராக் டேவுக்கு வீலும் டயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் டிராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்ததும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு என் பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் டயரை முடிவு செய்யுங்கள், அதற்கு ஏற்ற வீலைப் பிறகு தேடுங்கள். வீலின் அழகில் மயங்கி வாங்கிவிட்டு, அந்த அளவில் நல்ல டயரே கிடைக்காமல் திண்டாடுபவர்கள் நிறையப் பேர்.

முதல் தடவை போகிறேன். புது டயர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இப்போது காரில் இருக்கும் டயரில் வீக்கம், வெட்டு, பஞ்சர் ஒட்டிய இடம் எதுவும் இல்லை, ரப்பர் பாதிக்கு மேல் இருக்கிறது, ரொம்பப் பழையதும் இல்லை என்றால் அதிலேயே போங்கள். அந்தப் பணத்தில் நல்ல பிரேக் ஆயிலும் பிரேக் பேடும் வாங்குங்கள். முதல் நாளில் பலரைப் பாதியில் நிறுத்துவது பிரேக்தான், டயர் இல்லை.

சாலை டயரில் கற்றுக்கொள்வதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்த இடம் பிடியை இழக்கத் தொடங்குவதைச் சாலை டயர் முன்கூட்டியே சொல்லிவிடும்: முதலில் மெல்ல முனகும், அப்புறம் கீச்சென்று கத்தும், பிறகுதான் மெதுவாக வழுக்கும். ஒட்டும் டயர் உங்கள் தவறுகளை மறைத்துக்கொண்டே போய், கைவிடும்போது கூடுதல் வேகத்தில் கைவிடும். அந்த வேகத்தில் காரை மீட்கும் கை இன்னும் பழகியிருக்காது. நான்கைந்து டிராக் டேக்கள் ஓட்டி, டயர் கத்தும் ஒலியை வைத்தே அது எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறபோது அடுத்த படிக்குப் போங்கள்.

இன்னொன்று. பெட்டியிலிருந்து எடுத்த புத்தம் புது சாலை டயரைவிட, கொஞ்சம் தேய்ந்த அதே டயர் டிராக்கில் நன்றாக ஓடும். ரப்பர் கட்டிகள் உயரமாக இருந்தால் திருப்பத்தில் நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடேறினால் பெயர்ந்து வரும்.

டயர்களில் என்னென்ன வகை இருக்கிறது?

கடைக்குப் போகும் அளவுக்குத் தெரிந்தால் போதும் என்றால், நான்கு படிகள். முதலாவது, மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்ற வேகச் சாலை டயர். இரண்டாவது, சாலையில் ஓட்டிக்கொண்டே டிராக்கிலும் தாங்கும் 200 டிரெட்வேர் வகை: பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4, ஃபால்கன் ஆர்டி660. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 இதற்கும் அடுத்த படிக்கும் நடுவில் நிற்கும். மூன்றாவது, சாலை அனுமதி இருந்தும் மனசெல்லாம் டிராக்கில் இருக்கும் டோயோ ஆர்888ஆர், நிட்டோ என்டி01 வகை. நான்காவது, பள்ளமே இல்லாத பந்தய டயரான ஸ்லிக். அதைச் சாலையில் ஓட்டக் கூடாது, கார் அமைப்பை மாற்றாமல் போட்டாலும் பயனில்லை.

200 டிரெட்வேர் என்றால் என்ன? அந்த எண்ணை நம்பலாமா?

அது அமெரிக்க அரசின் தர முறையில் வரும் தேய்மான எண். ஒரு மாதிரி டயரை 100 என்று வைத்துக்கொண்டு, சாலையில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, மற்ற டயர் அதைவிட எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று கணக்கிடுவார்கள். 200 என்றால் இரண்டு மடங்கு உழைக்கும் என்று பொருள். ஆனால் அந்த எண்ணை டயரின் மேல் அச்சிடுவது அரசு இல்லை, டயர் கம்பெனிதான். பல போட்டிகளில் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று விதி வந்த பிறகு, அந்த விதிக்காகவே 200 என்று போட்டு வரும் டயர்கள் பெருகிவிட்டன. ஏ052, ஆர்எஸ்4 இரண்டிலும் 200 என்றுதான் இருக்கும். ஆனால் முன்னது ஒட்டிப் பிடித்து ஓரிரு சுற்று வேகத்தில் மின்னும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். பின்னது பிடியில் ஒரு படி கீழே, ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி உழைக்கும். ஒரே கம்பெனியின் டயர்களை ஒப்பிட எண் உதவும், வேறு வேறு கம்பெனிகளை ஒப்பிட உதவாது.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

சில டிராக் டேக்கள் ஓட்டியவர், காரை ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போய் அதிலேயே திரும்புகிறவர் என்றால், உழைக்கும் 200 வகை. ஆர்எஸ்4 அதற்கு நல்ல உதாரணம். சுற்று நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறவர் என்றால் ஆர்இ-71ஆர்எஸ் அல்லது ஏ052. கார் கனமாகவும் சக்தி கூடியதாகவும் இருந்தால் ஏ052 போன்ற மென்மையான ரப்பர் நான்கைந்து சுற்றிலேயே சூட்டில் வழுவழுத்துப் போகும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டயரை ஒரு படி ஏற்றினால் காரின் மற்ற பாகங்களும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். நீண்ட வேகத் திருப்பத்தில் பிடி கூடும்போது எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும் கார்கள் உண்டு. ஸ்லிக்கை நினைக்கும் முன் உங்கள் எஞ்சினுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று விசாரியுங்கள்.

அகலம் கூடினால் பிடி கூடுமா?

ஓரளவுக்கு, அதுவும் ரிம் அகலம் ஈடு கொடுத்தால் மட்டும். 8 அங்குல ரிம்மில் 265 டயரை, அதாவது 265 மி.மீ. அகல டயரை, திணித்தால் பக்கச்சுவர் உருண்டையாக உப்பிக்கொண்டு நிற்கும். திருப்பத்தில் அது மடிந்து, நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதைவிட 9 அங்குல ரிம்மில் 245 விறைப்பாக நின்று வேலை செய்யும். ஒவ்வொரு டயர் அளவுக்கும் ரிம் எத்தனை அங்குலத்திலிருந்து எத்தனை அங்குலம் வரை போடலாம் என்று கம்பெனியே அட்டவணை தருகிறது. அதில் நடுவிலிருந்து மேல் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற எடை குறைந்த காருக்கு ரொம்ப அகல டயர் போட்டால் அது சூடேறவே சிரமப்படும். சூடேறாத ஒட்டும் டயர் ஒட்டாது.

19 அங்குலத்திலிருந்து 18க்கு இறங்கலாமா?

பிரேக் டிஸ்கைக் கவ்வும் காலிப்பர் இடம் கொடுத்தால் தாராளமாக. டயர் மலிவு, எடை குறைவு, பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் டிராக் ஓரத் திட்டான கெர்ப் மேல் ஏறினாலும் ரிம் வளைய வாய்ப்பு குறைவு. மொத்த விட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு எளிது. 265/35 ஆர்18 டயரில் பக்கச்சுவர் என்பது 265இல் 35 சதவீதம், அதாவது 92.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு, 185.5. ரிம் 18 அங்குலம், அதாவது 457.2 மி.மீ. கூட்டினால் 642.7. இதே முறையில் 255/40 ஆர்17 போட்டால் 635.8 வரும். வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, கவலை இல்லை. நான்கு சக்கர இழுவை உள்ள காரில் மட்டும் முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள விகிதம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும். இல்லாவிட்டால் முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியல் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு டயர் மட்டும் புதிதாகவும் மற்றவை பாதி தேய்ந்தும் இருந்தால்கூட இதே சிக்கல்தான்.

ஆஃப்செட் புரியவே மாட்டேன் என்கிறது.

வீலை ஹப்பில், அதாவது கார் அச்சின் முனையில், பொருத்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், வீலில் ஈடி என்று எழுதியிருக்கும் எண். எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

உதாரணத்துக்கு, இப்போது 8.5 அங்குலம் ஈடி 45 இருக்கிறது, 9.5 அங்குலம் ஈடி 35 வாங்க நினைக்கிறீர்கள். ஓர் அங்குலம் கூடுகிறது, அதில் பாதி, 12.7 மி.மீ., ஒவ்வொரு பக்கமும். ஆஃப்செட் 10 குறைந்ததால் வீல் மொத்தமாக 10 மி.மீ. வெளியே தள்ளப்படுகிறது. ஆக வெளிப்பக்கம் 22.7 மி.மீ. கூடும், உள்பக்கம் 2.7 மி.மீ. மட்டும் கூடும். இப்போது காரின் கீழே குனிந்து, சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஏழெட்டு மி.மீ. இருந்தால் உள்பக்கம் தப்பித்தது. வெளிப்பக்கம் ஃபெண்டர் உதடு இடிக்குமா என்பதை நின்ற நிலையில் பார்த்துப் பயனில்லை, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கிய நிலையிலும் ஸ்டியரிங் முழுக்கத் திருப்பிய நிலையிலும் பார்க்க வேண்டும்.

பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று ஆஃப்செட்டைக் கண்டபடி குறைக்காதீர்கள். வீல் பேரிங் சீக்கிரம் போகும், பிரேக் போடும்போது ஸ்டியரிங் இழுக்கும்.

பிசிடி சரியாக இருந்தால் வீல் பொருந்திவிடுமா?

பாதிதான் பொருந்தும். பிசிடி என்பது போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் மட்டும்தான். 5x114.3 என்பது பல ஜப்பானியக் கார்களுக்குப் பொது, ஆனால் நடுத்துளை ஹோண்டாவில் 64.1 மி.மீ., டோயோட்டாவில் 60.1, மாஸ்டாவில் 67.1. வீலின் துளை பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். டிராக்கில் அது அலுமினியமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். துளை சிறிதாக இருந்தால் ஹப் மேல் ஏறவே ஏறாது.

காலிப்பர் இடைவெளியும் தனி விஷயம். ரிம்மின் உட்சுவர் இடிக்காமல் ஸ்போக் இடிக்கும் வீல்களும் உண்டு. உங்கள் பிரேக்குக்கு அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டு, வாங்கும் வீலுக்குள் வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் 3 மி.மீ.யாவது மிச்சம் இருக்க வேண்டும்.

வார்ப்பு வீல் போதுமா, ஃபோர்ஜ்டுதான் வேண்டுமா?

நல்ல கம்பெனியின் ஃப்ளோ ஃபார்ம்டு வீல் பெரும்பாலோருக்குப் போதும். வீலை வார்த்துவிட்டு, ரிம் பகுதியை மட்டும் சூட்டில் சுழற்றி உருளைகளால் அழுத்தி நீட்டுவார்கள், உலோகம் அங்கே இறுகும், மெல்லியதாகவும் செய்யலாம். என்கெய் ஆர்பிஎஃப்1 அப்படிப்பட்டதுதான், எத்தனையோ டிராக் கார்களில் பார்க்கலாம். உலோகக் கட்டியை அழுத்தி உருவாக்கும் ஃபோர்ஜ்டு இன்னும் வலுவானது, இடித்தால் உடைவதைவிட வளையும் குணம் கொண்டது. 1996இல் வந்த, ரேய்ஸ் கம்பெனியின் வோல்க் டிஇ37இன் பெயரிலேயே எடை இருக்கிறது: அதன் 15 அங்குல வீல் 3.7 கிலோ.

எடையைக் குறைக்க நினைப்பவர்கள் வீலின் எடையை மட்டுமே பார்க்கிறார்கள். டயரின் வெளிவிளிம்பில் கூடும் ஒரு கிலோ, காரை முடுக்கும்போது இரண்டு கிலோ போல நடந்துகொள்ளும், ஏனென்றால் அதை முன்னால் தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டும். ஒரே அளவில் இரண்டு டயர்களுக்கு நடுவே ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். வீலில் ஒரு கிலோ குறைக்கச் செலவழித்துவிட்டு, கனமான டயரைப் போட்டு அதைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

எந்த வீலானாலும் பின்பக்கம் பதித்திருக்கும் சுமை எண்ணைப் பாருங்கள். கனமான அச்சின் அதிகபட்சச் சுமையில் பாதியைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். ஜப்பானிய வீல் என்றால் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற தரச் சோதனை முத்திரைகள் இருக்கும். பெயர் பெற்ற வீலின் போலி வேண்டவே வேண்டாம். வேகத் திருப்பத்தில் ஸ்போக் விட்டுப்போனால் அங்கே நீங்கள் செய்ய ஒன்றுமே இருக்காது.

முன்னும் பின்னும் ஒரே அளவா, பின்னால் அகலமா?

ஒரே அளவு போட முடிகிற கார் என்றால் நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். டயரை முன்பின் மாற்றிப் போட்டு நான்கையும் சமமாகத் தேய்க்கலாம், காரின் மூக்கும் கொஞ்சம் கூர்மையாகும். சக்தி நிறைந்த பின்சக்கரக் காருக்கும், பின்னால் எஞ்சின் உள்ள காருக்கும் இது பொருந்தாது. அவற்றைக் கம்பெனி விட்டபடி விடுங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

அன்றைய நாளையே மாற்றிவிடக்கூடிய கேள்வி இதுதான், செலவும் இல்லை. குளிர்ந்த டயரில் என்ன அளவு என்பதை மறந்துவிட்டு, சூடான டயரில் என்ன அளவு என்று யோசியுங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ ஏறும். கதவோரம் எழுதியிருக்கும் 33 பிஎஸ்ஐயோடு டிராக்கில் இறங்கினால் பதினைந்து நிமிடத்தில் 40ஐத் தாண்டிவிடும், டயர் பலூன் போல நடுவில் மட்டும் தரையைத் தொடும், கார் ஐஸ் மேல் போவதுபோல வழுக்கும். புதியவர்கள் அப்போது டயர் மோசம் என்று நினைக்கிறார்கள்.

நடுத்தர எடையுள்ள காரில் 200 வகை டயருக்கு, சூட்டில் 32 முதல் 36 பிஎஸ்ஐக்குள் எங்கோ நல்ல இடம் இருக்கும். எடை குறைந்த கார் இன்னும் குறைவாகக் கேட்கும். காலையில் 27 அல்லது 28 வைத்துக்கொண்டு, முதல் சுற்றுகளை நிதானமாக ஓட்டி, வேகமாகச் சில சுற்று போய்விட்டு உள்ளே வந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முதலில் அளவெடுங்கள். இரண்டு நிமிடம் பேசிக்கொண்டு நின்றால் எண் இறங்கிவிடும். அப்புறம் கூடுதலாக இருப்பதைத் திறந்துவிடுங்கள். வலப்பக்கத் திருப்பங்கள் அதிகமுள்ள டிராக்கில் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடேறும், அதனால் நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு நோட்டில் வெயில், நேரம், குளிர்ந்த அளவு, சூட்டு அளவு நான்கையும் எழுதி வையுங்கள். மூன்று டிராக் டே ஆனதும் அந்த நோட்டு யாருடைய அறிவுரையையும்விடப் பெரிது, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் மீண்டும் காற்று அடிக்க மறக்காதீர்கள். டயர் ஆறியதும் 25க்கும் கீழே நிற்கும், அதோடு நெடுஞ்சாலையில் போவது ஆபத்து.

டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துபோகிறது. ஏன்?

கேம்பர், அதாவது வீலின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, போதவில்லை. திருப்பத்தில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் தோளில் ஏறி நிற்கிறது. தொழிற்சாலை அமைப்பில் பல கார்களின் முன்பக்கம் மைனஸ் ஒரு டிகிரிகூட இருக்காது. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன் உள்ள காரில் ஒட்டும் டயர் போட்டால் மைனஸ் 2.5 முதல் 3.5 வரை கேட்கும். அதைச் செய்யாமல் விலை உயர்ந்த டயர் வாங்கினால் ஒன்றிரண்டு நாளில் தோள் நார் தெரிய நிற்கும், நடுவில் புது ரப்பர் அப்படியே இருக்கும். அதைப் பார்க்க எனக்கு மனசே ஆறாது. கேம்பர் பிளேட்டும் ஒரு நல்ல அலைன்மென்ட்டும் சேர்ந்தாலும், டயர் வீணாவதைவிடச் சிக்கனம்தான்.

உறுதிப்படுத்த ஊசி வெப்பமானி வாங்குங்கள். ரப்பருக்குள் குத்தி உள், நடு, வெளி என்று மூன்று இடம் எடுக்க வேண்டும். வெளியே 98 டிகிரி, நடுவில் 90, உள்ளே 82 என்று வந்தால் கேம்பர் குறைவு. உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருந்தால் நல்லது. நடு மட்டும் கொதித்தால் காற்று கூடுதல். ஒளி வைத்து அளக்கும் துப்பாக்கி மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், பிட் வருவதற்குள் அது ஆறியிருக்கும்.

டயர் எவ்வளவு நாள் வரும்? ரப்பர் இருக்கும்வரை ஓட்டலாமா?

ரப்பர் இருந்தாலும் பிடி போய்விடும். ஒவ்வொரு முறை நன்றாகச் சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகுகிறது. முதல் சூடேற்றம் முக்கியம்: புது டயரைப் படிப்படியாகச் சூடாக்கி, எல்லையைத் தொடாமல் நிறுத்தி, முடிந்தால் ஒரு நாள் ஆறவிட்டுப் பிறகு முழு வேகம் போங்கள். ஆர்888ஆர் போன்றவற்றில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மலிவாக வரும் ஸ்லிக்கை வாங்கும் முன் இதையும், எத்தனை முறை சூடேறியது என்பதையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

மழை வந்தால்?

டிராக் டயரில் பள்ளம் குறைவு, தேங்கிய நீரில் மிதக்கும். சாதாரண சாலை டயர் செட்டை வைத்திருப்பவர் அன்று எல்லோரையும் தாண்டிப் போவார். குளிரும் அப்படித்தான். பனி உறையும் குளிரில் சில ஒட்டும் டயர்களின் ரப்பர் விரிசல் விடும், வெளியே நிறுத்தவே கூடாது.

நட்டு, போல்ட்டில் கவனிக்க என்ன இருக்கிறது?

நிறைய. ஹோண்டாவின் சொந்த நட்டு உருண்டை இருக்கை கொண்டது, வெளியில் வாங்கும் வீல்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு கேட்கும். போர்ஷ, ஃபோக்ஸ்வாகன் போல்ட்டும் உருண்டைதான். மாற்றிப் போட்டால் இறுகியதுபோல இருக்கும், ஆனால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் பிடித்திருக்கும். அலுமினிய நட்டு டிராக்குக்கு வேண்டாம், எஃகு போதும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டயர் மாற்றிய கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி அனுப்பினார்கள், நானும் முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்காமல் டிராக்கில் இறங்கினேன். மூன்றாவது சுற்றில் ஸ்டியரிங்கில் ஒரு மெல்லிய நடுக்கம், சாலையின் சொரசொரப்பு போலத்தான் இருந்தது. அடுத்த பிரேக்கில் அது தடதடவென்று ஆனது. மெதுவாக உள்ளே வந்து பார்த்தால், முன் இடது வீலில் இரண்டு நட்டு கையாலேயே சுழன்றது, ஒரு துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. அந்த வீலைத் தூக்கிப் போட்டேன். அன்றிலிருந்து ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, நட்டுகளை நட்சத்திர வரிசையில் கையால் ஏற்றி, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு ரெஞ்சால் முறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு வீல் ஆறியதும் மீண்டும் சரிபார்க்கிறேன்.

ஸ்பேசர் போடலாமா?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு. ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வகை என்றால் போடலாம். போல்ட் நீளம் ஈடுகட்ட வேண்டும். 12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை உள்ள போல்ட் என்றால் எட்டு முழுச் சுற்றாவது உள்ளே ஏற வேண்டும். ஆறு சுற்றில் முடிந்தால் அந்த ஸ்பேசரைக் கழற்றிவிடுங்கள்.

பழைய வீல் செட் ஒன்று கிடைக்கிறது. என்ன பார்க்க?

டயரைக் கழற்றிய நிலையில் பாருங்கள். பேலன்ஸ் மெஷினில் சுழற்றி ரிம்மின் உள் விளிம்பு ஆடுகிறதா என்று கவனியுங்கள், வளைவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு பின்பக்கத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டு, ஸ்போக் ரிம்மோடு சேரும் மூலைகளில் டார்ச் அடித்து, நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் மயிரிழைக் கோடு விரிசலாக இருக்கலாம். வெல்டு வைத்த தடம் இருந்தால் டிராக்குக்கு எடுக்காதீர்கள். பேலன்ஸ் எடைகளை உட்சுவரில் ஒட்டும்போது மேலே அலுமினியப் பட்டை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிரேக் சூட்டில் பசை இளகி, இரண்டாவது ஓட்டத்திலேயே ஒன்று பறந்துவிடும்.